மொழி வல்லுநர், தெரிந்த மொழிகள்: இல்லை

அன்புக் கயலுக்கு,

மில்டன் கீன்ஸில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று போனில் சலித்துக்கொண்டாயே, இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் மறைசெய்திகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் அங்கேதானடி இருக்கிறது! வருகிற சனிக்கிழமையே போய்விட்டு வா.

பேப்பர் வந்ததும் உன் அப்பா தலைப்புச் செய்திக்குப் போவார், நான் குறுக்கெழுத்துக்கு. அதில் 'கடற்படைப் பெண், சின்னப் பறவை' என்று குறிப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம், 'ரென்'. பிரிட்டிஷ் கடற்படையில் அப்போது இருந்த பெண்கள் பிரிவினரை அப்படித்தான் அழைத்தார்கள். ஜெர்மானியர்கள் செய்திகளை மறைகுறியாக்கிய எனிக்மா இயந்திரத்தின் குறியை உடைக்க, ஒரு டன் எடையுள்ள இயந்திரங்களை ஷிஃப்ட் போட்டு ராப்பகலாக ஓட்டியவர்கள் அவர்கள். பிளெட்ச்லியில் வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்தான்.

1942 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃப் ஒரு போட்டி வைத்தது: 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க வேண்டும். கலந்துகொண்ட சிலரை அப்புறம் சத்தமில்லாமல் இந்த வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். எனக்கு முக்கால் மணி ஆகும், என்னைச் சீண்டியிருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மேவிஸ் லீவர் கதை. ஜெர்மன் இலக்கியப் படிப்பிலிருந்து பிளெட்ச்லிக்கு வந்த பெண். எதிரியின் மறைசெய்தி ஒன்றைப் பார்த்தபோது அதில் 'எல்' எழுத்து ஓரிடத்தில்கூட இல்லை. எனிக்மாவில் எந்த எழுத்தைத் தட்டினாலும் மறைசெய்தியில் அதே எழுத்தாக வராது. அப்படியானால், அனுப்பியவன் சோம்பேறித்தனமாக 'எல்' ஒன்றையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்! அதை வைத்தே எனிக்மா இயந்திரத்தின் உள் அமைப்பைப் பிடித்துவிட்டாள். இல்லாததைப் பார்க்கத் தெரிவது லேசான காரியமா?

நீ 'சீனியர் வேலையெல்லாம் செய்கிறேன், பதவி மட்டும் அசோசியேட்' என்று புலம்பினாயே, அதே பிளெட்ச்லியில் வேலை பார்த்த ஜோன் கிளார்க் கதையைக் கேள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1940இல் சேர்ந்தபோது குமாஸ்தா வேலைதான், வாரம் 2 பவுண்டு. கொஞ்ச நாளிலேயே ஆண்களுக்குச் சமமாக மறைகுறி உடைத்தார். ஆனால் அந்தத் தரத்தில் ஒரு பெண்ணை வைக்க அரசாங்க விதியில் இடமில்லை. சம்பளம் ஏற்ற வேண்டுமே என்று 'மொழி வல்லுநர்' ஆக்கினார்கள். பிறகு ஒரு படிவத்தில் அவர் குஷியாக எழுதினாராம்: தரம், மொழி வல்லுநர். தெரிந்த மொழிகள், இல்லை. 1944இல் அவர் ஹட் 8 என்ற, ஜெர்மன் கடற்படைச் செய்திகளை உடைக்கும் பிரிவின் துணைத் தலைவர். அப்போதும் ஆண்களைவிடச் சம்பளம் குறைவுதான், அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ சும்மா இருக்காதே. அப்ரைசலில் செய்த வேலையை வரி வரியாக எழுதிக் கொடு, பதவியை மாற்றச் சொல்லிக் கேள். அனுப்பும் முன் எனக்கு வாட்ஸப் பண்ணு, பார்த்துத் தருகிறேன்.

பார்க்கில் குறுக்கெழுத்துப் புத்தகம் விற்றால் ஒன்று வாங்கி வை.

அம்மா