நேயர்கள் இருக்காங்க சார், எழுதத்தான் மாட்டேங்குறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

பிப்ரவரி 13 உலக வானொலி தினத்துக்கு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசில "இப்பல்லாம் சிற்றலை ரேடியோ கேக்க ஆளே இல்ல"ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். ஆளு இருக்காங்க சார். சிற்றலைன்னா ஷார்ட் வேவ், தூர தேசத்து ஸ்டேஷனெல்லாம் வர்றது அதுலதான். ஆளு இருக்குறது எனக்கு எப்படி தெரியும்னா, சேலத்துல உக்காந்துகிட்டு இருபது வருஷத்துக்கு மேல சிற்றலை நேயர்களுக்குன்னே மாசாமாசம் ஒரு மடல் போட்டுக்கிட்டு இருக்கேன், முன்னாடி ஜெராக்ஸ் எடுத்து தபால்ல, இப்ப பாதி பேருக்கு வாட்ஸ்அப்ல பிடிஎஃப், மீதி பேருக்கு இன்னமும் தபால்தான். காசு வாங்குறதில்ல. வாங்கியிருந்தா வீட்டுல கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

மடல்ல பெருசா ஒண்ணும் இருக்காதுங்க, எந்த ஸ்டேஷன் எத்தன மணிக்கு எந்த அலைவரிசைல எந்த மொழில வருதுன்னு ஒரு பட்டியல், தமிழுக்கு முதல் இடம், அப்புறம் யார் எங்க என்ன கேட்டாங்கன்னு ரெண்டு பத்தி. கேக்க சின்ன வேலையாத்தான் தெரியும். ஆனா சிற்றலைல மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் சீசன் மாறும், நெறைய ஸ்டேஷன் அன்னிக்கு நேரத்தையும் அலைவரிசையையும் மாத்திருவாங்க, ஆறு மாசமா சேத்து வெச்ச பட்டியல் ஒரே நாள்ல பழசாயிரும், திரும்ப முதல்லருந்து ஒவ்வொண்ணா கேட்டு, அவங்க சொல்ற உலக நேரத்தோட அஞ்சரை மணி நேரம் கூட்டி, டைப் அடிச்சு முடிக்கணும். தீபாவளி வேலைக்கு நான் ஆகமாட்டேன்னு வீட்டுல பேரு வாங்கினது இந்த அக்டோபராலதான்.

அதுல பட்டியல் வேற சுருங்கிக்கிட்டே வருது. நெதர்லாந்து வானொலி 2012ல சிற்றலைய விட்டுச்சு, ஆஸ்திரேலியா 2017 ஜனவரில. 1941ல ஆரம்பிச்ச பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோட சிற்றலைல நின்னுச்சு, அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த போன் மாதிரி அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல பின்னாடியும் வந்ததில்ல, எல்லாரும் துக்கம் விசாரிக்கிற குரல்லயே பேசுனாங்க. நான் கேட்டேன், அண்ணா கடைசியா எப்பண்ணா அவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டீங்கன்னு. லைன்ல சத்தமே இல்ல.

சூரியனும் நம்ம கைல இல்ல. பதினோரு வருஷத்துக்கு ஒரு சுத்து, சூரியன் மேல இருக்குற கரும்புள்ளி கொறஞ்சா சிற்றலைல மேல் அலைவரிசையான 13 மீட்டர், 16 மீட்டர் பட்டையெல்லாம் செத்துப்போயிரும், 2019 கடைசில அப்படித்தான் கிடந்துச்சு, நம்ம ரேடியோதான் பழுதுன்னு நினைச்சு எத்தனையோ பேரு மெக்கானிக்கிட்ட தூக்கிட்டுப் போனாங்க.

ஆனா சூரியன விட பெரிய எதிரி எல்இடி பல்பு. செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை பக்கம் இருக்குற நேயர்கள் கொலுசுப் பட்டறை மோட்டாரையும் தறியையும் கூட பழகிக்கிட்டாங்க, இந்த மலிவு விலை எல்இடி பல்பும் போன் சார்ஜரும் போடுற கொர்ர்ர சத்தத்த ஒண்ணும் பண்ண முடியல. 2012ல தமிழ்நாடே கரண்ட் இல்லாம தவிச்சப்ப தெருவே திட்டிக்கிட்டு இருந்துச்சு, நாங்க ஒரு சில பேரு மட்டும் மொட்டை மாடில பேட்டரி ரேடியோவ வெச்சுக்கிட்டு சிரிச்ச முகமா இருந்தோம், அப்படி ஒரு சுத்தமான சிக்னல் சேலத்துக்குள்ள அப்புறம் கிடைக்கவே இல்ல (பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஆன் ஆகுற வரைக்கும்தான்). இப்ப நல்லா கேக்கணும்னா ஏற்காடுதான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, தெரிஞ்சவங்க காப்பித் தோட்டத்துல ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல நீளமா ஒரு செம்புக் கம்பிய கட்டி உக்காந்தா போதும். அஞ்சாயிரம் அடி உயரத்துல இருக்குறதாலதான் எடுக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது எஃப்எம்முக்கு சரி. சிற்றலை வானத்துல பட்டுத் திரும்பி வர்றது, அதுக்கு அடிவாரமும் ஒண்ணுதான் மலையும் ஒண்ணுதான், தோட்டத்துக்குள்ள சுத்திலும் கரண்ட் சாமான் கம்மி, அவ்ளோதான் விஷயம். காட்டெருமை வந்தா மட்டும் கம்பிய விட்டுட்டு ஓடணும்.

எரிச்சல் பத்தியும் சொல்லிடறேன். நான் போட்ட பட்டியல என் பேர மட்டும் வெட்டிட்டு வேற பேர்ல எனக்கே ஃபார்வர்ட் பண்றாங்க, நான் வேணும்னே ஒரு எடத்துல விட்ட ரெண்டு ஸ்பேஸ் கூட அப்படியே இருக்கு. அதுகூட பரவால்ல. போன் பண்றவங்கள்ல பெரும்பாதி பேரு ரெட் மெர்க்குரிக்காரங்க. பழைய வால்வு ரேடியோவுக்குள்ள ரெட் மெர்க்குரின்னு ஒண்ணு இருக்கு, லட்சக்கணக்குல போகும்னு எவனோ கிளப்பி விட்ட புரளி. அப்படி ஒண்ணு எந்த ரேடியோவுலயும் கிடையாது சார், தயவுசெஞ்சு இத பெரிய எழுத்துல போடுங்க. நல்லா பாடிக்கிட்டு இருந்த செட்டையெல்லாம் இந்த ஆசைல ஒடச்சுப் போட்டுட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நேயர்கள்கிட்ட ஒரு பழக்கம், என் மடலுக்கு எழுதினா "அருமை, தொடருங்கள்"னு எழுதுவாங்க, இல்லன்னா எழுதவே மாட்டாங்க. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். ஒரு ஸ்டேஷனுக்கு நாம ரிப்போர்ட் அனுப்புறப்ப நிகழ்ச்சி சூப்பர்னு எழுதுனா, நாம கேட்டது நெசம்தான்னு அவங்க அனுப்புற கியூஎஸ்எல் கார்டு வராது. எத்தன மணிக்கு, எந்த அலைவரிசை, என்ன பேசுனாங்க, சிக்னல் பலம் எப்படி, பக்கத்து ஸ்டேஷன் இடைஞ்சல் எவ்ளோ, இரைச்சல் எவ்ளோ, ஏறி இறங்குச்சா, மொத்தத்துல எப்படின்னு அஞ்சுக்கு இத்தனைன்னு மார்க் போட்டு எழுதணும், அதுக்குப் பேருதான் சின்போ. அப்பதான் அவங்களுக்கு ஒரு பிரயோஜனம். என் மடலுக்கும் அதேதான் வேணும், கை தட்டு வேணாம்.

அப்படி எழுதுன ஆளும் இருக்காருங்க. ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் பாக்குறவரு, படிப்பு பத்தாவது. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல எழுதி சேத்து வெச்சு மொத்தமா கவர்ல போட்டு அனுப்புவாரு, தாள்லயே தேதி இருக்குறதால தனியா எழுத வேணாம்னு அவரு கணக்கு. விடியக்காலை கீழ் அலைவரிசையான 60 மீட்டர், 49 மீட்டர் பட்டைல எந்த ஸ்டேஷன் எத்தன மணிக்கு மங்க ஆரம்பிச்சுச்சு, எத்தன மணிக்கு சுத்தமா போச்சு, இதுதான் எல்லாத் தாள்லயும். ஒரு வருஷத்து தாள வரிசையா அடுக்கிப் பாத்தா ஜூன்ல ஆறு மணிய ஒட்டியே போயிருது, ஜனவரில ஏழு மணி வரைக்கும் இழுக்குது. சூரியன் உதிக்கிற நேரத்தோட சேந்து நகருது. புஸ்தகத்துல படிச்ச சங்கதிதான், சூரிய வெளிச்சம் பட்டதும் மேல ஒரு அடுக்கு உருவாகி கீழ் அலைவரிசைய உறிஞ்சிக்கும்னு, ஆனா அத ஜவ்வரிசி மாவு ஒட்டுன காலண்டர் தாள்ல, நம்ம மாவட்டத்து நேரத்தோட பாக்குறது வேற. அந்த நேரத்துல நான் தூங்கிட்டிருப்பேன், அதனால அவரு எழுதுற வரைக்கும் என் மடல்ல விடியக்காலைன்னு ஒரு பகுதியே இல்ல. இப்ப அதுதான் முதல் பக்கம்.

இன்னொருத்தரு எடப்பாடி பக்கம், கண்பார்வை கிடையாது, மக மடல வாசிச்சுக் காட்டும். ஸ்டேஷன் பேர் சொல்றதுக்கு முன்னாடியே முத்திரை இசை வர்றதுக்குள்ள வெறும் ஹம் சத்தத்த வெச்சே எந்த டிரான்ஸ்மிட்டர்னு சொல்லுவாரு. அவரு போன்ல "தம்பி, பட்டியல்ல அந்த வரி தப்பில்ல, ஆனா இப்ப அவங்க பத்து நிமிஷம் முன்னாடியே கேரியர் போட்டுர்றாங்க"ன்னு (பேச்சு பாட்டு இல்லாத வெறும் அலை, அதத்தான் கேரியர்னு சொல்றாரு) சொல்ற நாள்ல எனக்கு சோறு கொஞ்சம் கூட எறங்கும்.

சீன வானொலி தமிழ்ப்பிரிவு 1963ல தொடங்குனது, அதுக்கு நம்ம ஊருப் பக்கமெல்லாம் நேயர் மன்றம் இருந்துச்சு. அந்த மன்றத்து நோட்டு, அட்டை, கார்டெல்லாம் பரண்ல இருக்கும். உங்க வாசகர்கள்ல யாருகிட்டயாவது இருந்தா எடைக்கு போடாம போட்டோ எடுத்தாவது வெக்கச் சொல்லுங்க. அப்புறம் இன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வீட்டுல இருக்குற பழைய ரேடியோவ ஒரு தடவ திருப்பிப் பாக்கச் சொல்லுங்க, என்ன கேட்டுச்சோ நேரம் போட்டு உங்களுக்கே எழுதட்டும், நீங்களும் எண்ணிப் பாருங்க, ஆள் இருக்காங்களா இல்லையான்னு.

லெட்டர் நீளமாப் போச்சு, எடம் பத்தலன்னா எங்க வேணா வெட்டிக்கோங்க, அந்த ரெட் மெர்க்குரி பாராவ மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
சிற்றலை நேயர் ஒருவர்,
கன்னங்குறிச்சி, சேலம்