ஆர்மிங்ஹால் வயலில் பொன் இல்லை

இங்கிலாந்தில் ஞாயிறு தோறும் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குக் கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நார்விச்சுக்குப் புதிதாக வந்த உங்களில் சிலர், "பக்கத்தில் ஆர்மிங்ஹாலில் ஏதோ பழைய வட்டம் இருக்கிறதாமே?" என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் அங்கே கருவியோடு போகாதீர்கள்.

தரையில் நின்றால் அது வெறும் வயல், மேலே உயர்மின் கம்பிகள், அவ்வளவுதான். 1929இல் விமானி கில்பர்ட் இன்சால் வானிலிருந்து பார்த்தபோதுதான் வட்டம் தெரிந்தது. தூர்ந்துபோன பள்ளத்தில் ஈரம் தங்கும். அதன் மேல் வளரும் பயிர் மட்டும் கூடுதல் பச்சையாக, உயரமாக நிற்கும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே வுட்ஹெஞ்ச் என்ற பழைய மர வட்டத்தைக் கண்டுபிடித்தவரும் இதே இன்சால்தான். மனிதருக்குக் கழுகுக் கண்!

1935இல் தொல்லியலாளர் கிரஹாம் கிளார்க் தோண்டிப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டப் பள்ளங்கள். நடுவே குதிரை லாட வடிவில் எட்டுக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூன்றடி விட்டமுள்ள ஓக் மரம் நின்றிருக்கிறது. எல்லாம் சுமார் 5000 ஆண்டுப் பழசு. பிரிட்டனுக்குச் செம்பு வந்ததே கி.மு. 2450 வாக்கில்தான். அந்த மரங்களை நட்டவர்களிடம் உங்கள் கருவி கத்துவதற்கு ஒரு குண்டூசிகூடக் கிடையாது. கத்தினால் அது டிராக்டர் ஆணியாக இருக்கும்.

சரி, ஆணிக்காக ஒரு சின்னக் குழி தோண்டினால் என்ன என்பீர்கள். இந்த இடத்தின் வயதைச் சொன்னது குழியில் கிடைத்த மரக்கரி. மரங்கள் எப்போதோ மக்கிவிட்டன. மிச்சம் இருப்பது கரியும் மண்ணின் நிற வேறுபாடும்தான். மண்வெட்டி ஒருமுறை புரட்டிவிட்டால் எந்த மண் எங்கே கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டமும் உண்டு. இது பாதுகாக்கப்பட்ட சின்னம். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் இங்கே டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். விவசாயி சரி என்று தலையாட்டினாலும் செல்லாது.

உங்கள் பொழுதுபோக்கை நான் குறை சொல்லவில்லை. டிடெக்டர்காரர்களும் தொல்லியலாளர்களும் கைகோத்து வேலை செய்வதில் நம் நார்ஃபோக் மாவட்டத்துக்கு நல்ல பெயர் உண்டு. கிளம்புமுன், பாதுகாக்கப்பட்ட இடங்களைக் காட்டும் தேசியப் பாரம்பரியப் பட்டியலின் இணைய வரைபடத்தில் அந்த வயலைத் தேடுங்கள். பட்டியலில் இருந்தால் வேறு வயலுக்குப் போங்கள். அப்புறம் அங்கே கிடைப்பதை மாவட்டத் தொல்பொருள் அலுவலரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
நார்விச்சிலிருந்து உங்களில் ஒருவன்