அப்பாவின் மட்டில்டா

டார்செட்,
டிசம்பர் 14.

அன்புள்ள அப்பாவுக்கு,

கலா எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீங்கள், அம்மா, செல்வி, சித்தி எல்லோரும் நலமா?

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. பதில் இத்தனை தள்ளிப்போனதில் அம்மாவுக்கு வருத்தம் இருக்கும். வார்டில் இரவு ஷிப்ட் கூடுதலாக எடுத்திருக்கிறேன். அனுபவத்துக்காகத்தான், வேறொன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கடிதத்தில் பாதிக்கு மேல் நீங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் மட்டில்டாவாகவே, அந்தப் பிரிட்டிஷ் போர் டாங்கியின் பிளாஸ்டிக் மாடலாகவே, இருந்ததைப் படிக்க அவ்வளவு சந்தோஷம். டூல்ரூமில் அத்தனை வருஷம் அரம் பிடித்த கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். அதிலும் தாத்தாவுக்காக இந்த டாங்கியைத் தேர்ந்தெடுத்தது மிகவும் சரி. அவர் இருந்த, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் கம்பெனி 4-வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷனுக்குத் துணையாக எகிப்துப் பாலைவனத்தில் போனவை 7-வது ராயல் டாங்க் ரெஜிமென்ட்டின் மட்டில்டாக்கள். 1940 டிசம்பர் 9 காலை நிபெய்வா முகாமுக்குள் அவை முதலில் புகுந்தன, பின்னாலேயே 11-வது இந்தியப் பிரிகேட் போனது. முன்பக்கக் கவசம் 78 மில்லிமீட்டர் கனம். இத்தாலியர்களின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளால் அதைத் துளைக்க முடியவில்லை. அந்த ரெஜிமென்ட்டில் டாங்கிகளின் பெயர்கள் ‘ஜி’ எழுத்தில் தொடங்கும், ஆங்கில வரிசையில் அது ஏழாவது எழுத்து என்பதால். நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாளில் நான்கைந்து பெயர்கள் இருந்தால் ‘ஜி’யில் தொடங்குவதை எடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். கீழ்க்கூட்டில் பக்கத் தகடுகளை ஒட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அப்பா, பொறுங்கள். மட்டில்டாவின் சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் ட்ராக் எனும் சங்கிலிப் பட்டையின் பெரும்பகுதியும் அந்தத் தகட்டுக்குப் பின்னால் போய்விடும். மூடிய பிறகு பிரஷ் நுழையாது. விளக்கத்தாளில் 1, 2, 3 என்று போட்டிருப்பது ஒட்டுவதற்கான வரிசைதான், பெயின்ட்டை யோசித்துப் போட்டதல்ல. ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டுவதற்கு முன் அதனால் எந்த இடத்துக்குப் பிரஷ் போகாமல் போகும் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் சக்கரம் பூட்டிய கீழ்க்கூடு, ட்ராக்குகள், பக்கத் தகடுகள், மேல்மூடி, பீரங்கியோடு சுழலும் டரட் என்று வேலை தானாகப் பிரியும். தனித்தனியே பெயின்ட் அடித்துக் கடைசியில் சேருங்கள். ஒட்டு விழும் முகங்களில் மட்டும் முன்கூட்டியே டேப் போட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் பிடிக்கும், பெயின்ட் மேல் பிடிக்காது.

டரட்டில் டேப்பை உரித்தபோது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கை மேல் குறை இல்லை. அச்சிலிருந்து பாகம் எளிதில் கழன்று வரப் பூசும் எண்ணெய் அதன் மேலேயே தங்கியிருக்கும். பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு அப்படியே வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். டரட்டில் மீதியிருக்கும் பெயின்ட்டையும் எடுத்துவிட்டு அதையும் கழுவுங்கள். பிறகு அடிப்பூச்சாகச் சாம்பல் பிரைமர். அக்ரிலிக் பெயின்ட் அரைமணியில் தொட்டுப் பார்க்க உலர்ந்ததாகத் தெரியும், ஆனால் டேப் தாங்கும் அளவுக்கு இறுக ஒரு நாள் முழுதாக வேண்டும்.

பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது ஒரே வெட்டில் ஒட்ட வெட்டாதீர்கள். பிளாஸ்டிக் அழுத்தத்தில் வெளிறிப் பள்ளம் விழும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரு வெட்டு, மீதியைக் கத்தியால் சீவி 400, பிறகு 800 உப்புத்தாள். பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக இருந்தால் பசையைக் கொஞ்சம் தாராளமாக வைத்து அழுத்துங்கள், உருகிய பிளாஸ்டிக் கோட்டில் மணிபோல் பிதுங்க வேண்டும். மறுநாள் வரை தொடாமல் வைத்துவிட்டுப் பிறகு குழலைச் சுழற்றிக்கொண்டே தேயுங்கள். ஒரே பக்கம் தேய்த்தால் உருண்டை தட்டையாகிவிடும். நிஜப் பீரங்கியின் வாய் 40 மில்லிமீட்டர், மாடல் அதில் 35-இல் ஒரு பங்கு என்பதால் 1.1 மில்லிமீட்டர். அந்த அளவு ட்ரில்லைக் கையாலேயே சுழற்றுங்கள். முதலில் ஊசியால் நடுப்புள்ளி வையுங்கள், இல்லையென்றால் ட்ரில் நழுவி ஓரமாகப் போகும். நீர்போல் ஓடும் மெல்லிய பசையைத் தொடும்போது மூட்டின் மேல் விரல் வேண்டாம். விரலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு ஓடி ரேகையைப் பதித்துவிடும்.

ட்ராக் நீளத் துண்டுகளும் தனிக் கண்ணிகளுமாக வந்திருக்கிறது என்றீர்கள். அதுவே நல்லது. ஒரு நேர்க்கோலை ஒட்டி கண்ணிகளை வரிசையாக வைத்துப் பசை தொட்டு அரைமணி விடுங்கள். முழுதும் இறுகாமல் வளைந்துகொடுக்கும் பதத்தில் பல்சக்கரத்தின் மேலும் முன்சக்கரத்தின் மேலும் சுற்றி, டேப்பால் கட்டி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். பல்சக்கரத்தை மட்டும் கூட்டில் ஒட்டாமல் வைத்தால் ட்ராக்கோடு சேர்த்துக் கழற்றலாம். கண்ணி எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் ட்ராக் தளர்ந்து தொங்கும், பொருத்திப் பார்த்த பிறகே கடைசிக் கண்ணிக்குப் பசை.

நிறத்தில்தான் நிறையப் பேர் வழிதவறுகிறார்கள். பெட்டி மேல் இருக்கும் படத்தில் வெளிர்நீலம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நீலத்தை நம்ப வேண்டாம். பிரிகேடியர் காண்டரின் பெயரால் வழங்கும் அந்த நேர்க்கோட்டுப் பட்டை மறைப்பு முறைக்கு மூன்று நிறங்கள், எண்கள் நிறப் பட்டியலில் உள்ளவை: அடியில் லைட் ஸ்டோன் 61 அல்லது போர்ட்லண்ட் ஸ்டோன் 64, அதன் மேல் சில்வர் கிரே 28, அதன் மேல் ஸ்லேட் 34. சில்வர் கிரே என்பது பச்சை கலந்த வெளிர் சாம்பல். ஸ்லேட்டும் பச்சைச் சாயல்தான், கருமை கூடுதல். நீலம் பின்னாளில் நுழைந்து படங்களிலும் மாடல்களிலும் பரவிவிட்டது. இங்கிருந்து பக்கம்தான் பொவிங்டன் டாங்க் மியூசியம். புலி (டைகர்) 131 என்ற ஜெர்மன் டாங்கி நிற்கிற அதே இடம்.

வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போங்கள். மாஸ்கிங் டேப்பை உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் அதன் பிடிப்பு குறையும். மாடலில் ஒட்டி விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்த்த பிறகு, அந்த விளிம்பில் முதலில் அடிநிறத்தையே மெல்லப் பூசுங்கள். கசிந்தால் அதே நிறம்தான் கசியும், இடுக்கும் அடைபட்டுவிடும். அது உலர்ந்ததும் சாம்பல். பூசிய நிறம் கல்லாக இறுகும் முன்பே டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், பின்பக்கமாக மடித்து மெதுவாக உரியுங்கள்.

ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரசரும் வாங்கட்டுமா என்று கேட்டீர்கள். அவசரமே இல்லை அப்பா. நானும் பிரஷ்ஷில்தான் செய்கிறேன், அது எனக்குப் பழகிவிட்டது. தட்டையான மென்மயிர் பிரஷ், பாலைப் போல் நீர்த்த பெயின்ட், முதல் பூச்சு நீளவாக்கில், அது நன்றாக உலர்ந்ததும் இரண்டாவது குறுக்குவாக்கில், தேவையென்றால் மூன்றாவது. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதை மறைக்க அப்போதே திரும்பத் திரும்ப இழுத்தால்தான் அடிப்பூச்சு கிளம்பும்.

ஸ்ப்ரே டப்பாவுக்குக் குளிர்தான் எதிரி. இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீர் கோத்து நிற்கிறது. ஹீட்டரை ராத்திரியில் கொஞ்ச நேரம்தான் போடுகிறேன், ஸ்வெட்டர் போதும். டப்பாவை மட்டும் வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்து எடுப்பேன். கொதிநீர் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும். குளிர்ந்த டப்பா துளித்துளியாகத் துப்பும். ஈரக்காற்றில் அடித்தால் வார்னிஷ் வெள்ளையாக மங்கும், மழைநாளில் உங்களுக்கும் அதுதான் நடக்கும். 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மாடலுக்கு வெளியே தொடங்கி, தாண்டிப் போய் நிறுத்துங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போனில் சொன்னேனே, அவர் சுவர் முழுக்க பிளாஸ்டிக் ஸ்பூன்கள். எந்த நிறத்தையும் முதலில் ஒரு ஸ்பூனின் முதுகில் பூசி, பின்பக்கம் கலவை அளவும் தேதியும் எழுதித் தொங்கவிடுகிறார். பேச்சு அதிகம் கிடையாது. புது நிறம் கலந்தால் வேலிக்கு மேலே ஸ்பூனை நீட்டி என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால் போதும், உள்ளே போய்விடுவார். இந்த வழக்கத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் தெரியும் நிறமும் உலர்ந்த நிறமும் ஒன்றாக இருப்பதில்லை.

டெக்கால் ஒட்டும் முன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் அவசியம். மங்கலான பரப்பின் சொரசொரப்பில் காற்று அடைபட்டு, தாளின் ஓரம் வெள்ளி மாதிரி மின்னும். அரை நிமிஷம் நீரில், பிறகு தட்டில் வைத்து, படம் தாளிலிருந்து தானே நகரும்போது மாடலுக்கு மாற்றுங்கள். அதன் பிறகு வாஷ், அதாவது இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த அடர்பழுப்பு எனாமல். கறுப்பு வேண்டாம், பாலைவன நிறத்தில் கறுப்பு துருத்திக்கொண்டு நிற்கும். தின்னர் பத்துப் பங்குக்குப் பெயின்ட் ஒரு பங்கு, நுனிப் பிரஷ்ஷால் போல்ட் தலையைத் தொட்டால் அது தானே சுற்றி ஓடும். அரைமணி கழித்து, தின்னரில் நனைத்துத் துணியில் ஒற்றிய பிரஷ்ஷால் மிச்சத்தை எடுங்கள். இறுகிய அக்ரிலிக்கை எனாமல் தின்னர் ஒன்றும் செய்யாது, அதனால் அடியில் அக்ரிலிக், மேலே எனாமல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். துரு அதிகம் வேண்டாம், வறண்ட மணல் நாடு அது. ட்ராக்கின் தேயும் முகங்களை மணல் பளபளக்க வைத்திருக்கும், பென்சில் கரியைத் தேய்த்தால் அந்த உலோக மினுப்பு வரும். கடைசியில் எல்லாவற்றின் மேலும் மங்கல் வார்னிஷ், ட்ராக் முகத்தில் மட்டும் வேண்டாம்.

எனாமலும் ஸ்ப்ரேயும் எடுக்கும்போது ஜன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், தின்னர் வாசனையைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க்கை செல்வியிடம் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். உங்கள் இருமலை நினைத்தே சொல்கிறேன்.

நான் இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறேன். அன்று யாரும் வருவதில்லை, வேலை நிதானமாக ஓடுகிறது. குழலைத் தேய்க்கும்போது எழும் சத்தம் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சாவிக்கு அரம் போடுகிற சத்தமேதான் அப்பா. சில நேரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் அந்த டரட்டை எடுத்துக்கொண்டு உட்காரும்போது எதிரில் உட்கார்ந்து டேப் வெட்டிக் கொடுக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. இந்தக் கோடையில் எப்படியும் லீவு கேட்கிறேன். டிக்கெட் விஷயம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண் ஆபரேஷனை மட்டும் இன்னும் தள்ளிப்போடாதீர்கள். இடது கண் முடியும் வரை கத்தி வேலை வேண்டாம், கழுவுவதும் பிரைமரும் செய்யலாம். சொட்டு மருந்து எத்தனை வேளை என்று அம்மா சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டதாக சித்தி சொன்னாள். உண்மையா? நிறுத்தக் கூடாது. நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

செல்விக்கு வந்திருக்கும் இடத்தைப் பற்றி கோபால் மாமா அவசரப்படுகிறார் போலத் தெரிகிறது. பையனின் வேலையைப் பற்றி நேரில் விசாரிக்காமல் பேச்சை முடிக்க வேண்டாம். முதலில் செல்வியிடம் தனியாகக் கேளுங்கள். பின்கட்டு ஓடுகளை மழைக்கு முன் மாற்ற முருகேசன் மேஸ்திரி எவ்வளவு கேட்கிறார் என்று எழுதுங்கள். இந்த மாதம் பணம் பத்து நாள் தாமதமாக வரும், பாங்க்கில் ஏதோ மாற்றம், கவலைப்பட ஒன்றுமில்லை. பட்டாவில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறது என்றீர்களே, அதற்கு என் கையெழுத்து எந்தத் தாளில் வேண்டும் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு நகலை அனுப்பி வையுங்கள்.

அன்பு மகள்,
கலா