பாட்டிலை மட்டும் பேசினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏற்காடு மலைப்பாதையில் இத்தனை மூட்டை பாட்டில் பொறுக்கினார்கள் என்று கோடை விழா முடிந்த கையோடு செய்தி வரும், படமும் வரும். பொறுக்குகிற பிள்ளைகளுக்கு ஒரு கும்பிடு. ஆனால் மூடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினாலும் "மூடியைக் கழற்றித் தனியாகப் போடுங்கள்" என்ற ஒரே வரிதான். கொண்டலாம்பட்டிப் பக்கம் பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கழுவிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த யோசனை சரியில்லை. குடித்து முடித்தால் பாட்டிலை நசுக்கி, மூடியைத் திருகியே போடுங்கள்.

பாட்டில் பெட் பிளாஸ்டிக். மூடி வேறு வகை பிளாஸ்டிக், பெரும்பாலும் ஹெச்.டி. (கெட்டிப் பாலித்தீன்), இல்லாவிட்டால் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்). இரண்டையும் ஒன்றாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பெட் துண்டு அடியில் போய்விடும், மூடித் துண்டு மேலே மிதக்கும், அதை வாரிக்கொள்ள வேண்டியதுதான். தனியாக வீசிய மூடியோ என் தொட்டிக்கு வருவதே இல்லை, ஏனென்றால் இரண்டரை கிராம் பொருளைக் குனிந்து எடுப்பது பொறுக்குகிறவருக்குக் கட்டுப்படியாகாது. மிதக்கிற பொருளாச்சே, மழை பெய்தால் ஓடையில் இறங்கி, சேர்வராயன் மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறோடு நேராக நம் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும்.

சரி, மூடி என்றால் மூடிதானே, அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். தண்ணீர் பாட்டில் மூடிக்கு வேலை குறைவு. சோடா, கலர், கோலா மூடியின் கதை வேறு. ஒரு லிட்டர் பானத்தில் ஏறக்குறைய நான்கு லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து அடைக்கிறார்கள். 25 டிகிரியில் அதன் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாட்டில் வாயின் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 15 கிலோ எடைக்கு ஈடான விசை அந்தச் சின்ன மூடியை இரவும் பகலும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சேலத்து மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் லோடு வேனில் கிடந்தால் அது 20 கிலோவைத் தாண்டிவிடும். (மலை ஏறினால் சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, சோடா வெடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதெல்லாம் இந்த வெயிலின் முன்னால் ஒன்றுமில்லை, மேலே குளிர்ச்சி வேறு இருக்கிறது.)

இந்த விசையைத் தாங்க மூடியில் இரண்டு வழி இருக்கிறது. பழைய வழி, கெட்டியான பி.பி. மூடிக்குள் மெத்தென்ற வட்டத் தகடு ஒன்றை ஒட்டுவது. நகத்தால் நெம்பினால் தனியாக வந்துவிடும். புதிய வழியில் தகடே கிடையாது. முழு மூடியும் ஹெச்.டி. ஒன்றிலேயே வார்த்தது, உள்ளே ஒரு வளையம் பாட்டில் வாய்க்குள் இறங்கி உள்சுவரை அழுத்திப் பிடிக்கும், மெல்லிய உதடு ஒன்று வெளிப்பக்கத்தைக் கவ்வும். ஹெச்.டி. கொஞ்சம் மென்மையானது என்பதால்தான் தகடில்லாமலே பாட்டில் வாயோடு படிந்து அடைக்கிறது. அதே மென்மையால், வாரக்கணக்கில் அழுத்தத்தில் வெயிலில் இருந்தால் மெல்ல இழுபட்டு மேல்பக்கம் புடைக்கவும் செய்யும். எங்கே எத்தனை கனம் வைப்பது, எந்தத் தர ஹெச்.டி. எடுப்பது என்பதில்தான் மூடி வடிவமைப்பவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பாட்டில் கழுத்தின் திருகு வரிகளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள், குறுக்கே வெட்டு விட்டிருப்பார்கள். மூடி முழுக்கக் கழல்வதற்கு முன்பே வாயு வெளியேறத்தான் அந்த வெட்டு, இல்லாவிட்டால் மூடி நம் முகத்தில் பாயும்.

எங்களுக்குத் தலைவலி அந்த ஒட்டுத் தகடுதான். சிலர் அதை ஈ.வி.ஏ. என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள், அது மூடியோடு மிதந்துவிடும், பெரிய தொல்லையில்லை. பி.வி.சி. என்றால் போச்சு, பெட்டோடு சேர்ந்து அடியில் உட்கார்ந்துகொள்ளும். பெட்டை உருக்க 260 டிகிரி வரை போக வேண்டும், பி.வி.சி. அதற்குள் கருகி அமில வாயுவைக் கக்கி, மொத்தச் சரக்கையும் மஞ்சளாக்கிவிடும். இப்படி ஒரு முழு லோடு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. வீட்டில் சந்தேகம் இருந்தால் அந்தத் தகட்டைப் பெயர்த்துத் தண்ணீர் டம்ளரில் போட்டு அமுக்கி விடுங்கள், மூழ்கினால் அந்த மூடி எங்களைப் போன்றவர்கள் வயிற்றில் அடிக்கிற மூடி.

நிறம் இன்னொரு தொல்லை. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் கலந்து உருக்கினால் சாம்பலும் கறுப்பும் கலந்த ஒன்று வரும், அதை வாளிக்கும் பூந்தொட்டிக்கும் விட்டால் வேறு கேட்பாரில்லை. வெள்ளை மூடி என்றால் விலையே தனி.

மூடிக்கென்று ஒரு விதி செய்வது நடக்காத காரியமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களின் மூடி, திறந்த பிறகும் பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்ற விதி 2024 ஜூலை 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடிக்கும்போது மூக்கில் இடிக்கிறது என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள், இடிக்கத்தான் செய்யும், பழகிக்கொண்டார்கள். நம் ஊர்க் கோலி சோடாவில் மூடி என்ற சமாச்சாரமே கிடையாது, உள்ளே இருக்கும் வாயுவே கோலியைத் தள்ளி ரப்பர் வளையத்தில் அடைத்துக்கொள்ளும், பாட்டிலும் கடைக்கே திரும்பும். அந்தக் காலம் முழுசாகத் திரும்பாது என்று எனக்கும் தெரியும்.

அதனால் கேட்பது இவ்வளவுதான். வாயு அடைத்த பானங்களுக்கு ஒரே பிளாஸ்டிக்கில், தகடில்லாமல், வெள்ளையாக, பாட்டிலோடு ஒட்டி நிற்கும் மூடிதான் என்று அரசு விதி செய்ய வேண்டும். உடனே முடியாதென்றால் பி.வி.சி. தகட்டையாவது முதலில் நிறுத்தட்டும். கெட்டியான பாட்டில், டப்பாக்களில் 30 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு சேர்க்க வேண்டும் என்று 2025-26-க்கு மத்திய அரசு இலக்கு வைத்தது. மஞ்சளடித்த சரக்கை வைத்துக்கொண்டு அந்த இலக்கை யார் எட்டுவது?

நம் மாவட்டத்துச் சிறு சோடா கம்பெனிகள் மேல் மட்டும் பாய்வதில் நியாயமில்லை. அவர்கள் மூடியை வார்ப்பதில்லை, வாங்கிப் பூட்டுகிறார்கள், விலை பத்துப் பைசா குறைந்தால் அந்தப் பக்கம் சாய்வார்கள். விதி மூடி வார்ப்பவர் வாசலில் இருந்து தொடங்கட்டும். மூடி மட்டும் மாறினாலும் பாட்டில் கழுத்து பழைய அளவிலேயே இருந்தால் வாயு கசியும், இரண்டின் மோல்டும் (வார்க்கிற அச்சு) சேர்ந்து மாற வேண்டும், மோல்டு சும்மா கிடைப்பதில்லை. சென்னை கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, சேலத்து வெயிலில் நிற்கிற மூடியைச் சோதித்துத் தர அவர்களிடம் கேட்கலாம். சிறு கம்பெனிகளுக்கு மோல்டு மாற்றக் குறைந்த வட்டியில் கடனும் ஒரு வருட அவகாசமும் கொடுத்தால் போதும் என்பது என் கணக்கு.

இப்படிக்கு,
பழைய பிளாஸ்டிக் அரவைத் தொழில் செய்யும் வாசகர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.