தீர்ப்பின் கடைசிப் பக்கம் போதுமா?

தொழில் தகராறுகளில் நியாயம் சொல்லும் நடுவர்களுக்கு,

வணக்கம். நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கலாமா என்று நிர்வாகம் நடத்தும் உள்விசாரணைகளில் அவருக்குப் பக்கத்தில் உட்காரும் தொழிற்சங்கப் பிரதிநிதி நான். ஒரு விசாரணையில் அதிகாரி நீதிமன்றத் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார். 'தண்டனை' என்ற சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டார், கோப்பை மூடிவிட்டார். எதிரே இருந்தவர் கிடங்குத் தொழிலாளி. சொத்துத் தகராறில் அண்ணனை அடித்த வழக்கு. அவர் 14 ஆண்டுகள் பார்த்த வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட எழவில்லை. வெளியே வந்ததும், "நான் என்ன வேலை பார்த்தேன்னாவது கேட்டிருக்கலாமே" என்றார்.

குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம் பார்த்துவிட்டது. அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கனடாவில் 1967இல் மில்ஹேவன் ஃபைபர்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் இதற்கு அளவுகோல் வகுத்தார்கள். வேலைக்கு வெளியே நடந்த செயல் நிறுவனத்தின் பெயரைக் கெடுத்ததா? அவரால் வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாமல் போகிறதா? சக ஊழியர்கள் அவரோடு வேலை பார்க்கத் தயங்குகிறார்களா? இப்படிப் போகும் அந்தக் கேள்விகள். அந்நாட்டின் கியூபெக் மாகாண உரிமைச் சாசனத்தின் 18.2ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது: வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது.

கல்லாப் பணத்தைக் கையாடிய காசாளருக்காகவோ, குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்ற ஓட்டுநருக்காகவோ நான் இப்படி வாதாட மாட்டேன். அங்கே சம்பந்தம் கண்ணெதிரே நிற்கிறது. விடுதலையானவரையும் நிர்வாகம் விசாரிக்கலாம் என்பதை எங்கள் ஆட்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உள்விசாரணைக்கு அவ்வளவு கடுமையான சான்று தேவையில்லை. ஆனால் விடுதலைத் தீர்ப்பு மட்டும் போதாது என்று வாதாடும் நிர்வாகம், தண்டனைத் தீர்ப்பு வந்தால் அது மட்டுமே போதும் என்பது எப்படி நியாயம்?

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே பணிநீக்கத்தை உறுதி செய்தால், தண்டனை ரத்தாகும் நாளில் அந்தத் தொழிலாளி எங்கே போவார்? வழக்கை மறுபடி எடுக்க வழி இருப்பதாக உங்கள் உத்தரவிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். என்ன வேலை பார்த்தார் என்று அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொழிற்சங்கப் பிரதிநிதி