வேலை வந்த பிறகு சலுகை கொடுங்கள்

ஆசிரியருக்கு,

பெரிய திட்டங்களுக்கு அமெரிக்க மாநிலங்கள் வரிச் சலுகையை அள்ளிக் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு விஸ்கான்சின்தான் ஞாபகம் வருகிறது. 2017-ல் தைவான் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான பாக்ஸ்கான் அங்கே ஆலை கட்ட 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்றது, மாநிலமும் கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகைக்குக் கையெழுத்துப் போட்டது. 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அது 1,454 வேலை, 67.2 கோடி டாலர் முதலீடு, 8 கோடி டாலர் சலுகை என்று சுருங்கிவிட்டது.

பலர் கவனிக்காத ஒன்று, இந்தச் சலுகை வெறும் வரிக்கழிவு இல்லை. அங்கே உற்பத்தி நிறுவனங்களுக்கு மாநில வருமான வரி ஏற்கெனவே பூஜ்யத்துக்குப் பக்கம், கழிக்க வரியே இல்லாதபோது அந்தத் தொகை ரொக்கமாகத்தான் போகும், அதாவது மற்றவர்கள் கட்டிய வரியிலிருந்து.

சரி, மாநிலம் ஒரு விஷயத்தில் உஷாராக இருந்தது. வேலை எண்ணிக்கையைக் காட்டினால்தான் பணம் என்று எழுதி வைத்திருந்ததால், 2018-க்கான குறைந்தபட்ச இலக்கான 260 பேரை எட்டாத நிறுவனத்துக்கு அந்த வருடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஆலைக்கு இடம் கொடுத்த மவுண்ட் பிளசன்ட் என்ற ஊரின் நிர்வாகத்துக்கு அந்தப் பாதுகாப்பு எங்கே? கடன் வாங்கி நிலம் எடுத்தார்கள், சாலையும் தண்ணீர்க் குழாயும் போட்டார்கள், அதையெல்லாம் திருப்பி எடுக்க முடியாதே. அப்புறம் அந்த நிலத்தில் ஒரு பகுதியை மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டருக்காக வாங்கியது, கட்டி முடித்த டேட்டா சென்டரில் கொஞ்சம் பேருக்குத்தான் வேலை இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்