பாபிலோன் ராஜாவைச் சாத்தானாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் ஆன்மிகப் பக்கத்தில் வேதாகமத்தின் ஏசாயா 14ஆம் அதிகாரத்தை எடுத்து, 'விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே' என்ற வசனத்தில் தொடங்கி, சாத்தானின் அழகு, பெருமை, வீழ்ச்சி என்று முழு வாழ்க்கை வரலாறே எழுதியிருந்தார்கள். நான் சின்ன வயதிலிருந்து கேட்ட பிரசங்கங்களிலும் இதே கதைதான், அதனால் எழுதியவரை மட்டும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவர் தொடங்கியது 12ஆம் வசனத்தில். 4ஆம் வசனத்தில் தொடங்கியிருந்தால் அப்படி எழுதியிருக்கவே முடியாது. இது பாபிலோன் ராஜாவின்மேல் சொல்லவேண்டிய பாட்டு என்று அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது.

அந்தப் பாட்டை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். செத்துப்போன ராஜாவுக்குப் பாடும் ஒப்பாரி அது, ஆனால் பாடுகிறவர்கள் யாரும் அழவில்லை. லீபனோனின் கேதுரு மரங்கள்கூட, நீ விழுந்த பிறகு எங்களை வெட்ட ஒருவரும் வரவில்லை என்று சந்தோஷப்படுகின்றன. இதைக் கவிஞரின் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் லீபனோன் மலையில் வாடி பிரிசா என்ற பள்ளத்தாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது, மலையைப் பிளந்து வழி போட்டுக் கேதுருக்களை பாபிலோனுக்குக் கொண்டுபோனதை அவனே அதில் பெருமையாகச் சொல்கிறான். அப்புறம் பாதாளத்தில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் ராஜாக்கள் தங்கள் சிங்காசனங்களை விட்டு எழுந்து, நீயும் எங்களைப்போல ஆகிவிட்டாயா என்று கேட்கிறார்கள். கீழே புழுப் படுக்கை, மேலே பூச்சிப் போர்வை. மற்ற ராஜாக்களுக்கெல்லாம் கல்லறை கிடைத்தது, இவன் உடல் மட்டும் வெளியே எறியப்பட்டது என்று பாட்டு போகிறது. கல்லறை கிடைக்கவில்லையே என்று சாத்தானைப் பார்த்து யார் பாடுவார்கள்? கி.மு. 705இல் போர்க்களத்தில் செத்து, உடலே கிடைக்காமல் போன அசீரிய ராஜா இரண்டாம் சர்கோனை நினைத்துத்தான் இந்தப் பாட்டு முதலில் பிறந்திருக்கும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அவன் பாபிலோனுக்கும் ராஜாவாக இருந்தவன்.

பிறகு எப்படி இது சாத்தானின் கதையானது? 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இந்த வசனங்களைச் சாத்தானோடு சேர்த்து விளக்கினார். பிற்பாடு வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் விடிவெள்ளிக்கு லத்தீனில் வழக்கமாக இருந்த 'லூசிபர்' என்ற சொல்லைப் போட, 1611இல் வந்த ஆங்கில வேதாகமம் அதை அப்படியே ஒருவரின் பெயர்போல வைத்துவிட்டது. நம் தமிழ் வேதாகமத்தில் அந்தப் பெயரே இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே சபைச் சீர்திருத்தவாதி கால்வின் இந்த விளக்கத்தைக் கடுமையாக மறுத்திருக்கிறார். வெளிப்படுத்தல் 22இல் இயேசுவே தன்னை விடிவெள்ளி நட்சத்திரம் என்று சொல்கிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். சாத்தான் மின்னலைப்போல விழுந்தான் என்று லூக்கா 10இல் இருப்பதை நான் மறுக்கவில்லை. அது அங்கே இருக்கட்டும், இந்த ராஜாவை இங்கே விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எசேக்கியேல் 28க்கும் இதே கதிதான். ஏதேன் தோட்டம், கேருப் என்ற தேவதூதன் என்று அங்கே வருவது விளங்கக் கஷ்டமான பகுதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பாடப்படுவது தீருவின் ராஜா. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் தீருவின் அதிபதியிடம், நீ மனிதன், கடவுள் அல்ல என்று நேராகவே சொல்லப்படுகிறது. வியாபாரம் பெருகப் பெருகக் கொடுமையும் பெருகியது என்பதுதான் ராஜாவின் மேலுள்ள குற்றச்சாட்டு. சாத்தான் எந்தத் துறைமுகத்தில் வியாபாரம் செய்தான்? தீரு கடலுக்குள் நின்ற துறைமுகப் பட்டணம், நேபுகாத்நேச்சார் அதை 13 வருடம் முற்றுகையிட்டான், சுமை சுமந்து தோள் உரிந்த அவன் படைக்கு ஒரு கூலியும் கிடைக்கவில்லை என்று அடுத்த அதிகாரமே சொல்கிறது. நம் திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி வந்து அடிபட்ட ஊரில் இருக்கிறோம், எசேக்கியேல் என்ன சொல்கிறார் என்று நமக்கு விளங்காமல் யாருக்கு விளங்கப்போகிறது?

ஏன் இதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்றால் ஏசாயா 14இன் 17ஆம் வசனத்துக்காகத்தான். நகரங்களை அழித்தவன், சிறைப்பட்டவர்களைத் தங்கள் வீடுகளுக்குப் போகவிடாமல் வைத்திருந்தவன் என்று அந்த ராஜாவைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறது. காணாமல்போன பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்ற தாய்மாரை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் சபையில் உட்கார்ந்து இந்த அதிகாரத்தைக் கேட்கும்போது, தன் பிள்ளையை வீட்டுக்கு விடாதவனைப் பற்றி வேதம் பேசியிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? குற்றத்தைத் தூக்கி வானத்திலிருந்து விழுந்த ஒரு ஆவியின் தலையில் போட்டால், அதிகாரத்தில் இருந்து அதைச் செய்த மனிதன் தப்பிவிடுகிறான்.

அடுத்த வாரம் தானியேல் 11 என்று அறிவித்திருக்கிறீர்கள். வடதிசை ராஜாவும் தென்திசை ராஜாவும் இன்றைய எந்த நாடுகள் என்று தேடிப் போகுமுன், அவர்கள் சீரியாவை ஆண்ட செலூக்கியரும் எகிப்தை ஆண்ட தொலமிகளும் என்பதைத் தயவுசெய்து முதலில் போடுங்கள். 6ஆம் வசனத்தில் வரும் தென்திசை ராஜாவின் மகள் பெரெனிகே. எகிப்தின் இரண்டாம் தொலமி அவளை அரசியல் உடன்பாட்டுக்காகச் செலூக்கிய ராஜா இரண்டாம் அந்தியோகுவுக்குக் கட்டிக்கொடுத்தான், கடைசியில் அவளும் அவள் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, அப்புறம் எந்த விளக்கத்தை வேண்டுமானாலும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.